சாயங்காலம் அழிப்பவள்

அந்த வரி மறுபடியும் வந்திருந்தது.

‘உள்ளிருந்து பூட்டைத் திறப்பது எப்படி?’

இளையவள் சமையலறை மேடையில் சாய்ந்தபடி கைபேசியை முகத்தருகே கொண்டுவந்து, தேடல் வரலாற்றில் அதை இன்னொரு முறை படித்தாள். அன்று பிற்பகல் அவள் தேடியவை இரண்டுதான். தொலைதூர நகரம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி. அந்நகருக்குப் போகும் பேருந்து. அவ்விரண்டுக்கும் நடுவே, அழையா விருந்தாளியைப் போல, அந்த வரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

இளையவள் என்பது புகுந்த வீட்டில் அவளுக்கு வந்த பெயர். கட்டட ஒப்பந்தக்காரரின் இரண்டாம் மனைவி என்பதால் உறவினர்கள் அவளை அப்படியே அழைத்துப் பழகிவிட்டார்கள். முதல் மனைவி அவர்கள் வாயில் மூத்தவள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. “ஓடிப்போனவ பேச்ச இந்த வீட்டுல எடுக்காத” என்று கணவர் ஒரே ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இளையவள் கேட்கவில்லை.

அவர் அடிக்கிற மனிதர் அல்லர், குரல்கூட உயராது. காலையில் புறப்படும்போது வாசற்கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துச் செல்வார். பின்கட்டுக் கதவுக்கும் அவரிடமே சாவி. கேட்டால், “ஊர் கெட்டுக் கிடக்கு, உன் நல்லதுக்குத்தான்” என்பார். வீட்டிலுள்ள கைபேசி, மடிக்கணினி, கூடத்துத் தொலைக்காட்சி எல்லாவற்றிலும் ஒரே கணக்கைத்தான் திறந்து வைத்திருந்தார். “ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு கணக்கு?” சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் கைக்கு எட்டிய கருவியை எடுத்து, விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே, “இன்னிக்கு என்னம்மா படிச்ச?” என்று கேட்பார்.

ஆகவே அவர் வருவதற்கு முன்பே இளையவள் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். தன் காலடித் தடத்தை வாலால் கூட்டிக்கொண்டே போன நரி ஒன்று, கடைசியில் வால் பட்ட கோட்டாலேயே பிடிபட்டதாம். அந்த நரியைவிட அவள் கெட்டிக்காரி. அழித்ததோடு விடாமல், துணியில் எண்ணெய்க் கறை போக வழி, தொட்டிச்செடிக்கு எரு என்று நாலு அப்பாவித் தேடல்களை அங்கங்கே தூவி வைப்பாள். இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவன் அவளுடைய தம்பி. கணினி பழுதுபார்ப்பவன்.

இப்போது அவனைத்தான் அழைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் முன்பே வீட்டின் மூலைகள் இருட்டத் தொடங்கியிருந்தன.

“அக்கா, காலைல மாமா கிளம்பினதும் நான் வந்துடுவேன். பூட்டு உடைக்க ஆளும் பேசியாச்சு. இன்னிக்கு ஒரு ராத்திரி பல்லக் கடிச்சிட்டு இரு. எல்லாத்தையும் அழிச்சியா?”

“போன்ல அழிச்சேன்டா.”

“வரலாறு மட்டும்னா ஒரு இடத்துல அழிச்சாப் போதும், எல்லாத்துலயும் போயிடும். சேர்த்து வெச்ச பக்கமும் குக்கீயும் அப்படி இல்ல. ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா அழிக்கணும். குக்கீன்னா என்னன்னு ஞாபகம் இருக்கா?”

“பிஸ்கட் இல்லன்னு மட்டும் தெரியும்.”

“பரவாயில்லையே, தேறிட்ட!” அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அந்த வரியைப் பற்றிச் சொன்னாள்.

“கொஞ்ச நாளாவே வருதுடா. மாமா தொழிலுக்காகத் தேடுறாருன்னு நெனச்சு, நம்மளோடதோட சேத்து அழிச்சிடுவேன். ஒருவேளை நானே ஞாபகம் இல்லாமத் தட்டிட்டேனோன்னுகூட...”

சிரிப்பு நின்றது. “கணக்குக்குள்ள போ. எந்தெந்தக் கருவில திறந்திருக்குன்னு காட்டும். தெரியாத போன் எதாச்சும் இருந்தா, அதை ஒலிக்க வைக்க ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கிப் பாரு. உன்ன வேவு பாக்க அலமாரிக்குள்ள எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பாரு மனுஷன்.”

மழை வலுத்தது. பேச்சு கரகரத்து அறுந்தது. மறுபடி அழைத்தபோது தொடர்பு கிடைக்கவில்லை. வீட்டு இணையம் மட்டும் உயிரோடு இருந்தது.

அவள் முதலில் மடிக்கணினியைத் திறந்து, ‘எல்லாக் காலமும்’ என்பதைத் தேர்ந்து ‘அழி’யை அமுக்கினாள். கூடத்துக்குப் போய்த் தொலைக்காட்சியின் உலாவியிலும் அதையே செய்தாள். கையில் கைபேசி மின்னியது. வெறுமையாகியிருந்த வரலாற்றுப் பக்கத்தில், பழைய வரி இல்லை. புதிதாக ஒன்று.

‘கத்தினால் சுவரைத் தாண்டிக் கேட்குமா?’

மழையின் இரைச்சலுக்கு அடியில் குளிர்பதனப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரச் சிமெண்டின் வாடை. கணவரின் சட்டைகளில் எப்போதும் இருக்கும் வாடைதான். ஆனால் அவருடைய சட்டைகளைத் துவைத்து உலர்த்தி, மடித்தும் வைத்தாகிவிட்டது. இந்த வாடை சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள சுவரின் பக்கமிருந்து, யாரோ மூச்சு விடுவதுபோல, விட்டுவிட்டு வந்தது.

அவள் அழித்தாள். பக்கம் வெறுமையாயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பிற்று.

‘இருட்டில் நாள் கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?’

அழித்தாள்.

‘நான் எழுதுவதை யார் அழிக்கிறார்கள்?’

இளையவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி சொன்னபடி கணக்கைத் திறந்து, கருவிகளின் வரிசையைப் பார்த்தாள். அவள் கைபேசி. அவர் கைபேசி. மடிக்கணினி. தொலைக்காட்சி. அவற்றுக்கும் கீழே இன்னொரு கைபேசி. அதற்கு ஒரு பெண்ணின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. கல்யாணத்தன்று நாத்தனார் வாய்தவறி அவளை அந்தப் பெயரால் அழைத்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கடைசியாக இயங்கியது: இப்போது.

இடம்: இந்த வீட்டு முகவரி.

அவளுக்கு முதலில் வந்தது பயமன்று, வெட்கம். எத்தனை சாயங்காலங்கள்! தன் தடத்தைக் கூட்டும் அவசரத்தில், யாரோ சுவரில் நகத்தால் கீறிய எழுத்துகளையும் சேர்த்தல்லவா அவள் கூட்டித் தள்ளியிருக்கிறாள்? இங்கே அழித்தால் எங்கும் அழியும். அங்கேயும் அழிந்திருக்கும். எழுதி முடித்தவளின் கண்ணெதிரிலேயே.

ஆனால் மூத்தவள் போய் வருடங்கள் ஆகின்றன. எந்தக் கைபேசியில் அத்தனை காலம் மின்சாரம் நிற்கும்? எந்த மனுஷி அத்தனை காலம்...

அந்த எண்ணத்தை அவள் முடிக்கவில்லை. அலமாரிக்குள் ஒளித்த பழைய போன். அவ்வளவுதான். தம்பி சொன்னதுதான் சரி. ‘ஒலிக்கச் செய்’ என்ற பொத்தானை அமுக்கினாள்.

மணி அடித்தது.

அலமாரியில் இல்லை. பரணில் இல்லை. அந்தச் சுவருக்குள் அடித்தது. தலையணையால் அமுக்கப்பட்ட வாயைப் போல, மங்கலாக, விடாமல். இளையவள் சுவரருகே போய்க் காதை வைத்தாள். சுவர் குளிர்ந்திருந்தது. உள்ளே மணியோசை ஒரே இடத்தில் நின்று அடித்தது. பிறகு இடம் மாறிற்று.

தரையோடு ஒட்டி, மெல்ல, படுக்கையறைப் பக்கமாக. நடக்கத் தெரியாதவள் நகர்வதைப்போல. சுவர் முடியும் இடத்தில் சற்று நின்றது. அடுத்து அது அடித்தபோது ஓசையில் மூட்டம் இல்லை. தெளிவாகக் கேட்டது. படுக்கையறைக்குள்.

அவள் ஓடினாள். வாசற்கதவை இழுத்தாள். வெளியே பூட்டு. பின்கதவு. பூட்டு. சன்னல்களில் கம்பி. மணியோசை கூடத்துக்கு வந்துவிட்டது. அவளுக்கு எஞ்சியது குளியலறை ஒன்றுதான். உள்ளே புகுந்து தாழிட்டு, ஈரத் தரையில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

மணி கதவுக்கு வெளியே வந்து நின்றது.

அப்போது வாசலில் சாவி திரும்பும் சத்தம். தினமும் அவள் அஞ்சும் அந்தச் சத்தத்தை, வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் தெய்வமாக எண்ணினாள். 

“எங்கடி இருக்க? லைட்டக்கூடப் போடல. போன் அடிக்குது பாரு, எடுக்க மாட்டியா?”

கத்தினால் கதவுக்கு வெளியே நிற்பதற்கும் கேட்குமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

செருப்பைக் கழற்றும் சத்தம். குடையை உதறும் சத்தம். விளக்கைப் போடும் சத்தம். கூடத்தில் அவருடைய நிதானமான நடை. “இன்னிக்கு என்னம்மா படிச்ச...”

நடை நின்றது.

“யாரு?”

மணி அடித்துக்கொண்டிருந்தது.

“நீ...” அந்தக் குரல் அவர் குரல்தான். ஆனால் அதற்குள் ஒரு சின்னப் பிள்ளை அழுதது. “கிட்ட வராத. வேணாம். நான்தான் சுவர் வெச்சுப் பூசிட்டேனே... நானே என் கையால...”

நனைந்த மூட்டை ஒன்று தரையில் சரிந்ததுபோல ஒரு சத்தம். குதிகால்கள் தரையில் உரசின. நெடுநேரம் உரசின. பிறகு உரசவில்லை.

மணியும் நின்றது.

கதவின் அடியிலிருந்த இடுக்கில் கூடத்து வெளிச்சம் மெல்லிய கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டின் நடுவே ஒரு நிழல் வந்து அமர்ந்தது. ஈரச் சிமெண்டின் வாடை இடுக்கின் வழியே உள்ளே ஊறியது. வெளியே யாரும் தட்டவில்லை. யாரும் பேசவில்லை. விரல்நகம் கண்ணாடியில் படும் சத்தம் மட்டும் கேட்டது. டக். டக். டக். யாரோ தட்டச்சு செய்யும் சத்தம்.

கையிலிருந்த திரை மின்னியது.

‘சாயங்காலம் அழிப்பவள் எங்கே ஒளிந்திருக்கிறாள்?’

இளையவள் தேடல் பெட்டியைத் திறந்தாள். பேச அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. எழுத்துகள் தப்பும் தவறுமாக விழுந்தன.

‘அக்கா நான்தான் அழிச்சேன். நீன்னு தெரியாது. நானும் பூட்டித்தான் கெடந்தேன். நானும் போகத்தான் பாத்தேன். மன்னிச்சுடு அக்கா.’

அனுப்பினாள். வரலாற்றுப் பக்கத்துக்கு வந்தாள். மேலே தன் வரி இருந்தது. இருந்ததைப் பார்த்தாள்.

மறைந்தது.

மறுபடி எழுதினாள். மறைந்தது. ‘அக்கா’ என்று மட்டும் எழுதினாள். ஒவ்வொரு முறையும், அவள் படித்து முடிக்கும் முன், வெளியிலிருந்து ஒரு விரல் அதைத் துடைத்தது. பொறுமையாக. பழக்கப்பட்டவளைப்போல.

வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எஞ்சியது.

‘தாழ்ப்பாளை வெளியிலிருந்து கழற்றுவது எப்படி?’

நிழல் எழுந்து நின்றது.

தாழ்ப்பாளைப் பிடித்திருந்த திருகாணிகள் இளையவளின் பக்கத்தில் இருந்தன. அவற்றில் மேலே இருந்தது, யாருடைய கையும் படாமல், மெல்லத் திரும்பத் தொடங்கியது. நெகிழ்ந்தது. நீண்டது. ஈரத் தரையில் விழுந்து உருண்டு, அவள் காலடியில் வந்து நின்றது.

அடுத்தது திரும்பத் தொடங்கியது.