மூன்றாவது காலில் பாரமில்லை

"ஐயோ... ஓவசியர் ஐயா!"

கல் சுமக்கும் நல்லம்மாவின் அலறல் மயிலிட்டிக் கற்குழி முழுவதும் எதிரொலித்தது.

மத்தியானச் சோற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். முதல் ஆளாக ஓடியவன் மார்க்கண்டு. பாறையில் துளை போடும் மெஷின் அவனுடைய பொறுப்பு. அந்தத் துளைகளில்தான் டைனமைட் வைத்துக் கல் உடைப்பார்கள்.

ஓடியவன் சட்டென்று நின்றான்.

மெஷின் நிற்கவில்லை!

மூன்று இரும்புக் கால்களில் நிமிர்ந்து நிற்க வேண்டிய அந்தக் கனத்த மெஷின், பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. அதன் அடியில்... வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் ஆழ்வாப்பிள்ளை!

திறந்த கண்கள் 1937 ஆம் ஆண்டின் மாசி வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. இமைக்கவில்லை.

"சிமியோன்! பிடிச்சுத் தூக்கடா!"

மெஷினுக்குக் காற்று அனுப்பும் எஞ்சினைப் பார்க்கும் சிமியோனும் மற்றவர்களும் சேர்ந்து தூக்கினார்கள். பிரயோசனமில்லை. நெஞ்சு நொறுங்கியிருந்தது.

மார்க்கண்டின் பார்வை மெஷினின் கால்களுக்குப் போனது. இரண்டு கால்களில் இரும்புப் பாரம் தொங்கியது. மூன்றாவது காலில் ஒன்றுமே இல்லை. அதற்குரிய பாரம் சற்றுத் தள்ளி, காலையில் போட்ட துளையின் பக்கத்தில் கிடந்தது. அவன் வைத்த இடத்திலேயே.



"சிமியோன்... நான்தானடா இவரைச் சாக்காட்டினனான்!"

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஆளனுப்ப, இன்ஸ்பெக்டர் சண்முகநாதன் காரில் வந்து இறங்கினார். மார்க்கண்டு அவர் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"விலங்கைப் போடுங்கோ ஐயா."

"ஏன், அளவு பாக்கிறதுக்கோ? முதல்லை விஷயத்தைச் சொல்லும்."

"மெஷின் பாறையை இடிக்கேக்கை துள்ளும் ஐயா. துள்ளினாக் கால் விலகும். கால் விலகினாத் துளை கோணிப்போகும், மெஷினும் சரியும். அதுக்குத்தான் ஒவ்வொரு காலிலையும் பாரம் தொங்கவிடுறது. சாப்பிடப் போக முன்னம் மெஷினைப் புது இடத்துக்கு மாத்தினன். தூக்குநூல் பிடிச்சு நேர் பாத்தன். பாறையிலை குழி கொத்திக் காலுகளை ஊண்டினன். நட்டுகளை இறுக்கினன். ரண்டு காலிலை பாரம் போட்டன். மூண்டாவது..."

தள்ளிக் கிடந்த பாரத்தைக் காட்டினான்.

"மறந்துபோட்டன் ஐயா!"

"ஏன் மறந்தீர்?"

"சந்தோசத்திலை..."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"என்ன சந்தோசம்?"

 மார்க்கண்டை முந்திக்கொண்டு நல்லம்மா சொன்னாள்.

"நான் சொல்லுறன் ஐயா. போன கிழமை ஓவசியர் ஐயாவுக்கும் இவருக்கும் கடற்கரையிலை பெரிய சண்டை. மார்க்கண்டு அண்ணை, 'உன்னை லேசிலை விடமாட்டன்' எண்டு கத்தினவர். நான் என்ரை காதாலை கேட்டனான்."

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. குரலும் மாறியது.

"என்ன சண்டை?"

"சொல்ல ஏலாது ஐயா. ஆரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு இண்டைக்குக் காலமைதான் அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

"சத்தியம் வாங்கின ஆள் செத்துப்போச்சு!"

"அதாலைதான் ஐயா மீற ஏலாது. விடுவிக்கிறதுக்கு ஆளில்லை."

"தூக்குமேடையிலையும் உப்பிடித்தான் கதைப்பீரோ?"

"தூக்கிலை போடுங்கோ. எனக்கு அதுதான் சரி."

இன்ஸ்பெக்டர் அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு சிமியோன் பக்கம் திரும்பினார்.

"விழேக்கை மெஷின் ஓடிக்கொண்டிருந்ததோ?"

"இல்லை ஐயா. காத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் எல்லாரும் சாப்பிடப் போனனாங்கள்."

"ஓடாத மெஷின் துள்ளாது. துள்ளாத மெஷின் ஏன் விழுந்தது?"

 இன்ஸ்பெக்டர் குனிந்து பிரேதத்தின் வலது கையை மெல்ல நகர்த்தினார்.

கைக்குக் கீழே ஒரு ஸ்பானர்!

"உம்மடையோ?"

"இல்லை ஐயா. என்ரை இடுப்பிலை கிடக்கு. இது ஓவசியர் ஐயாவின்ரை..."

 இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! பாரம் இல்லாததைக் கண்டிட்டு, நட்டை இன்னும் இறுக்கப் பாத்திருக்கிறார்! என்ரை பிழையைத் திருத்தப் போய்ச் செத்திருக்கிறாரே! நான் என்ன செய்வன்... நான் என்ன செய்வன்!"

சிமியோன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி இரத்தினம்மா ஓடி வந்தாள். அவிழ்ந்த தலை. வெறும் கால். வந்த வேகத்தில் பிரேதத்தின் மேல் விழுந்தாள்.

மார்க்கண்டு அவள் காலடியில் விழுந்தான்.

"அக்கா... என்னை அடிச்சுக் கொல்லுங்கோ அக்கா!"

அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"என்ரை ராசா! காலமை எழும்பின உடனை, 'வெள்ளை வேட்டியைத் தோய்ச்சுக் காயப்போடு, பின்னேரம் செத்தவீட்டுக்குப் போகவேணும்' எண்டு சொன்னீங்களே! தோய்ச்சுக் காயப்போட்டிட்டல்லோ இருந்தனான்... இனி ஆர் கட்டுறது அதை!"

குறிப்பேதும் எடுக்காமல் கடலைப் பார்த்து நின்ற இன்ஸ்பெக்டர், சடாரென்று திரும்பினார்.

"அம்மா... ஆற்றை செத்தவீடு?"

"தெரியாது ஐயா. கேட்டனான். 'பின்னேரம் தெரியும்' எண்டார்."

"விதானையார்! இண்டைக்கு ஊரிலை ஆர் செத்தது?"

விதானையார் யோசித்தார். தலையைச் சொறிந்தார்.

"இண்டைக்கோ? ஒருத்தரும் இல்லை ஐயா... இவரைத் தவிர."

 

இன்ஸ்பெக்டர் மெஷினின் அருகே குந்தினார். பாரம் தொங்கிய ஒரு காலின் நட்டை இரண்டு விரலால் பிடித்தார். திருகினார்.

நட்டு சுற்றியது!

அடுத்த கால். அதுவும் சுற்றியது.

"மார்க்கண்டு, நட்டுகளை இறுக்கினன் எண்டு சொன்னீர்?"

"ஓம் ஐயா! என்ரை பலம் முழுக்கப் போட்டு இறுக்கினனான்!"

"இறுக்க வந்த மனுசன் ஏன் இதுகளை இளக்கினவர்?"

மார்க்கண்டு மலங்க மலங்க விழித்தான்.

"மெஷின் ஓடேக்கை ஆர் அதுக்குக் கிட்ட நிக்கிறது?"

"நான்தான் ஐயா. கைபிடியைச் சுத்திக்கொண்டு..."

"பாரம் மூண்டும் கிடந்திருந்தா, நட்டு இளகினாலும் மெஷின் சும்மா நிண்டிருக்கும். நீர் சாப்பிட்டிட்டு வந்து காத்தைத் திறப்பீர். அது துள்ளும். கால் மடியும். உம்மடை நெஞ்சிலை விழும். விபத்து! பின்னேரம் உம்மடை வீட்டிலை செத்தவீட்டுப் பறை!"

மார்க்கண்டு தன் நெஞ்சில் கை வைத்தான்.

"ஆனா அவசரத்திலை அவர் மூண்டாவது காலைச் சரியாப் பாக்கேல்லை. பாரமில்லாத காலிலை ஸ்பானரைப் போட்டு உன்னினார். கால் குழியாலை கிளம்பிச்சுது, மெஷின் அவருக்கு மேலை சரிஞ்சுது... இப்ப சொல்லும், என்ன சத்தியம்?"

மார்க்கண்டு இரத்தினம்மாவைப் பார்த்தான்.  கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, மெல்லச் சொன்னான்.

"இங்கத்தைய டைனமைட்டைக் களவாய், வெடி போட்டு மீன்பிடிக்கிற ஆக்களுக்குக் குடுத்தவர் ஐயா. மீன்பிடிக்கப் போன இன்னாசித்தம்பியின்ரை கை அதிலைதான் போனது. கற்குழித் துரையிட்டைச் சொல்லுவன் எண்டு சண்டை பிடிச்சனான். இண்டைக்குக் காலமை என்ரை தோளிலை கையைப் போட்டு, 'இனிச் செய்யமாட்டன், மன்னிச்சுக்கொள் தம்பி' எண்டு அழுதார். ஒரு மனுசன் திருந்திட்டான் எண்ட சந்தோசத்திலைதான்... பாரத்தை மறந்தனான்."

"அவர் அழாமல் விட்டிருந்தா நீர் மறந்திருக்கமாட்டீர், செத்திருப்பீர். நான் இப்ப உம்மடை மனுசியை விசாரிச்சுக்கொண்டு நிண்டிருப்பன்."

மார்க்கண்டு சிரிக்கவில்லை.

"எண்டாலும் ஐயா... பாரம் போடாதது நான்தானே?"



"ஓம். நீர்தான்," என்றார் இன்ஸ்பெக்டர், தணிந்த குரலில். "அதை ஆராலையும் இல்லையெண்டு சொல்ல ஏலாது. வீட்டை போம்."

மார்க்கண்டு போகவில்லை. விம்மிக்கொண்டிருந்த இரத்தினம்மாவுக்குப் பக்கத்தில், வெயில் படாமல் அவளை மறைத்தபடி, நின்றுகொண்டே இருந்தான்.

காரடிக்கு நடந்த இன்ஸ்பெக்டரின் பின்னால் விதானையார் ஓடி வந்தார்.

"அப்ப ஐயா... பாவம், அந்த மனுசி சொன்ன செத்தவீட்டுக் கதை?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"ஓவசியர் சொன்ன சொல்லுத் தவறாத ஆள், விதானையார். பின்னேரம் செத்தவீடு எண்டார், செத்தவீடுதான்... விலாசத்திலைதான் சின்னப் பிழை!"