மூன்றாவது பிரதி

கோலினுக்கு முகம் இல்லை!

அது இருந்த இடத்தில் ரத்தக் கூழ்தான் இருந்தது...

மலேசியாவில், ஈப்போ நகரின் அந்தச் சின்ன வீடியோ ஸ்டூடியோவில், பட்டப்பகலில், முதலாளி கோலின் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் கேமரா முக்காலி. அதன் காலில் ஒட்டிய தலைமுடி!

சாப்பாடு வாங்கி வந்த எடிட்டர் ஷர்மினி அலற வாய் திறந்தாள்.

கழுத்தில் பாராங் கத்தி வந்து உட்கார்ந்தது.

"சத்தம் வந்துச்சு... வெட்டிருவேன் லா!"

பழனியப்பன்! போன வாரம் சுங்காய் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் அவர்கள் படமெடுத்த திருவிழாவில் முன்னால் நின்று ரதம் இழுத்த கான்ட்ராக்டர்.

"திருவிழா வீடியோ எங்க?"

"எ... எதுக்குண்ணே?"

"தோட்டத்துக்குள்ள நான் இராமசாமிய வெட்டுனப்ப உங்க ட்ரோன் தலைக்கு மேல பறந்துச்சு. அழிக்கச் சொன்னேன். உன் முதலாளி முடியாதுன்னான்."

"நாங்க இன்னும் திறந்தே பாக்கலண்ணே!"

"பொய் பேசாத. எத்தனை காப்பி?"

எதை எங்கே சேமிப்பது என்று திட்டம் போட்டவளே ஷர்மினிதான்.

"மூணு. கம்ப்யூட்டர்ல ஒன்னு... ஹார்ட் டிஸ்க்ல ஒன்னு..."

டமார்! கம்ப்யூட்டர் பிளந்தது.

டமார்! ஹார்ட் டிஸ்க் சிதறியது.

"மூணாவது?"

"கிளவுட்ல... இன்டர்நெட்ல இருக்கு."

"அழி!"

கைபேசியில் தட்டினாள். திரையில் சக்கரம் சுற்றியது... சுற்றியது... நின்றது!

"என்னாச்சு?"

"கோலின் அண்ணனும் சரின்னு சொல்லணும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அழியும்."

"எவன் வெச்ச சட்டம்?"

"நான்தான். போன வருஷம் பீர் போட்டுட்டு ஒரு கல்யாணத்தையே அழிச்சிட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க கடைய உடைக்க வந்துட்டாங்க. இன்னொரு தடவ தாலி கட்டச் சொல்லவாண்ணே முடியும்?"

"அவன் போன் எங்க?"

"சட்டைப் பையில. ஆனா... அதைத் திறக்க அவர் முகத்தைக் காட்டணும்."

பழனியப்பன் கீழே பார்த்தான். தான் நசுக்கியதைப் பார்த்தான்.

அவன் கண்ணில் முதல் தடவையாகப் பயம்!

நூறு கிலோ பிணம். பாராங் கத்தியை மேசையில் வைத்தான். ஒரு கையால் கோலினை அணைத்துத் தூக்கி, மறு கையால் போனை நீட்டினான்.

"கண்ணைத் திறடா!"

முகம் பொருந்தவில்லை என்றது போன்.

சதக்!

போனும் கையும் சேர்ந்தே விழுந்தன!

அவன் ஊளையிட்டபடி ஷர்மினி மேல் பாய்ந்தான். மேசையிலிருந்து எடுத்த பாராங் கத்தியை அவள் விடவில்லை. இந்த முறை முழங்கால்... சரிந்தான்.

போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது.

"அந்த வீடியோவக் காட்டுமா," என்றார் போலீஸ் சார்ஜன் தனேஸ்வரன்.

ஷர்மினி மூன்றாவது பிரதியைத் திறந்தாள். கட்டுப் போட்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்த பழனியப்பனும் எட்டிப் பார்த்தான்.

பச்சை... வெறும் பச்சை!

ரப்பர் மரத்து இலைகள். ஒரு மனிதத் தலைகூட இல்லை.

"நான்... தெரியலையா?" பழனியப்பனின் குரல் உடைந்தது.

ஷர்மினி ரத்தம் தெறித்த விரலால் கூரை மூலையைக் காட்டினாள். அங்கே கடைக் கேமரா சிவப்பாகச் சிமிட்டி, எல்லாவற்றையும் இன்டர்நெட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"தோட்டத்துல மரம் மறைச்சிருச்சுண்ணே... கடைக்குள்ள ஏது லா மரம்?"