அம்மா போனுக்கு மட்டும் கேட்கிறது

அக்கா காய்ச்சல்ல போய்ச் சேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சு, பெட்டியும் கையுமா அம்மா வீட்டு வாசல்ல போய் இறங்கினேன். வெளியே சாயங்கால வெயில் இன்னும் சுவத்துல இருந்துச்சு. உள்ளே அப்பவே இருட்டு. தடிச்ச சுவர், சின்ன ஜன்னல், நாள்பட பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்த மாதிரி ஒரு வாடை.

அம்மாவுக்குக் காது போய்ப் பல வருஷம். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிச்சு அழுவான்னு நினைச்சேன்.

"வந்துட்டியா? செருப்பை வெளிய விடு"ன்னா. அவ்வளவுதான். கண்ணு மடியில கிடந்த போன் மேலயே இருந்துச்சு.

அந்த போன் அக்கா பண்ணின ஏற்பாடு. அவளுக்கு வேலையே அதுதான், சத்தத்துக்குள்ள சேதியை வச்சு அனுப்புறது. மாடி ரூம்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல "சாப்டியாம்மா"ன்னு தட்டுவா. ஸ்பீக்கர் குருவிக்குஞ்சாட்டம் கீச்சு கீச்சுன்னு கத்தும். கீழே அம்மா போன்ல இருக்குற மைக் அதைக் கேட்டு, பெரிய எழுத்தாக் காட்டும். ஒயரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், சத்தம் எட்டுற தூரத்துல இருந்தா போதும். கேட்டவங்க எல்லாம் மெச்சினாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. "எனக்கும் இதைக் கத்துக்குடுக்கா"ன்னு கேட்டதுக்கு, "உனக்கு எதுக்குடி? நான்தான் இருக்கேனே"ன்னு சிரிச்சா மகராசி. நானும் இவ பெத்த பொண்ணுதானே? வந்தப்பல்லாம் தொண்டை கிழியக் கத்துவேன். அம்மா ஒரு நாளாவது "என்னடி சொன்ன"ன்னு கேட்டாளா?

செத்தும் விட்டபாடில்லை அந்த அக்கா.

மறுநாள் மத்தியானம் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். மாடியில கீச்சு. அம்மா போன் வெளிச்சம் போட்டுச்சு. எட்டிப் பார்த்தேன்.

"மாத்திரை போட்டியாம்மா?"

அம்மா முகம் பூரிச்சுப் போச்சு. "பாத்தியா, அவ மறக்கவே மாட்டா."

சத்தியமாச் சொல்றேன், எனக்குப் பயம் வரலை. ஆத்திரம்தான் வந்துச்சு. தானா ஓடுற மாதிரி எதையோ வச்சிட்டுப் போயிருக்கான்னு நினைச்சு, மாடி ரூமைத் திறந்தேன். அக்கா தேய்க்கிற தலைவலித் தைலம் வாசனை, இப்பத்தான் யாரோ தேய்ச்ச மாதிரி. கம்ப்யூட்டரை அவ ஆபீஸ்காரங்க எப்பவோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. மேஜைல ஸ்பீக்கர் மட்டும் இருந்துச்சு.

ஒயரைப் பிடிச்சு இழுத்தேன். கையோட வந்துச்சு. மறுமுனை எதுலயும் சொருகியிருக்கலை.

ஸ்பீக்கர் கீச்சுன்னுச்சு.

கீழே அம்மா சிரிக்கிற சத்தம்.

அப்பவாவது ஓடியிருக்கணும். நான் ஓடலை. "இருந்த வரைக்கும் மொத்தமா நீயே வச்சுக்கிட்டே, போதாதா? இப்பவாவது அம்மாவை எனக்கு விட்டுக் குடு!"ன்னு கத்திக்கிட்டே அதைத் தூக்கித் தரையில அடிச்சேன். தைல வாசனையோட தூசி கிளம்பித் தொண்டையை அடைச்சுது. இருமி இருமிக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அதுக்கப்புறம் கீச்சு இல்லை. போன் இருட்டாக் கிடந்துச்சு. அம்மா தட்டைத் தொடலை, தண்ணிகூட வேண்டாம்னுட்டா. அடுத்த நாள் உதடு காஞ்சு போய்ச் சுவத்தையே பார்த்து உட்கார்ந்திருந்தா. கேக்காதுன்னு தெரிஞ்சும் பக்கத்துல உட்கார்ந்து கெஞ்சினேன்.

"ரெண்டு வாய் சாப்டும்மா. நான் இருக்கேன்ல?"

அம்மா திரும்பினா. முகத்துல உயிர் வந்துச்சு.

"பேசுடி. நிறுத்தாதே."

ஜென்மத்துல இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். பேசினேன் பேசினேன், வாய் ஓயாமப் பேசினேன். என் ஆபீஸ், ஒழுகுற வாடகை வீடு, சின்ன வயசுல எனக்கு மட்டும் கிடைக்காத புதுத் துணி, ஒண்ணு விடலை. அம்மா தலையாட்டித் தலையாட்டி, தட்டை வழிச்சுச் சாப்ட்டா. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

கடைசியா என் புருஷன் என்னை விட்டுட்டுப் போன கதையைச் சொன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரிச்சா.

"எதுக்கும்மா சிரிக்கிறே?"

அவ கண்ணு என் முகத்துல இல்லை. மடியில இருந்துச்சு.

மெதுவா எட்டிப் பார்த்தேன். நான் பேசப் பேச போன்ல எழுத்து ஓடியிருக்கு. என் குரலுக்கு அடியில கீச்சு எதுவும் எனக்குக் கேக்கலை. போனுக்குக் கேட்டிருக்கு.

"இவ பேசுற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேம்மா. வெயில் தாழட்டும், தலை வாரி விடறேன்."

வாயைப் பொத்திக்கிட்டேன். எழுத்து நின்னுச்சு.

அம்மா பதறிப் போய் என் கையைப் பிடிச்சு விலக்கினா. அவ என்னைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு!

"ஏன்டி நிறுத்திட்டே?" குசுகுசுன்னு கேட்டா. "அவ சொல்லி முடிக்கலையே..."

பல்லைக் கடிச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை பேசலை. மூச்சை மட்டும் விட்டேன்.

போன் வெளிச்சம் போட்டுச்சு.

"கவலைப்படாதேம்மா. மூச்சு விட்டுத்தானே ஆகணும் இவ."

அம்மா நிம்மதியாச் சிரிச்சுக்கிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை என் மூக்குக்கிட்ட கொண்டு வந்து வச்சா.