சுரைப்பிஞ்சும் சுனிலின் விரலும்

பெங்களூரு நீலசந்திராவில் ஒரு நெருக்கமான சந்து. அங்கே மூன்றாவது மாடியில் இளவேனிலின் வீடு. அதற்கு மேலே மொட்டை மாடி. அந்த மாடியில் அவள் ஒரு சுரைக்கொடி வளர்த்தாள்.

அப்பா உத்தமன் வீடுகளுக்கு பெயிண்ட் அடிப்பவர். காலி பெயிண்ட் டப்பா ஒன்றில் மண் போட்டுக் கொடுத்தார். கொடி ஏறுவதற்குக் கால் உடைந்த மூங்கில் ஏணியைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்துக் கட்டினார். குறுக்கே நைலான் கயிறும் இழுத்துவிட்டார். கொடி நுனியைக் கயிற்றில் சுற்றிவிடுவது இளவேனிலின் வேலை.

இலை இலையாக வந்தது. பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கடைசியில் ஒரு பூவுக்கு அடியில் கட்டைவிரல் அளவு பிஞ்சு ஒன்று தொங்கியது.

அதை முதலில் பார்த்தவன் கீழ்வீட்டு சுனில். ஐந்து வயது. வீட்டில் கன்னடம், மாடியில் தமிழ் என்று இரண்டையும் கலந்து பேசுவான். "அக்கா, அல்லி நோடு, அங்க பாரு" என்று விரலை நீட்டிக் காட்டினான்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சொர்ணம் அத்தை பதறிவிட்டார். "பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக்கூடாதுடா. அழுகிப்போயிடும். காட்டணும்னா விரலை மடக்கிக் காட்டணும்."

அத்தை சொன்னதற்கு ஏற்ற மாதிரி, சில நாளில் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிட்டது. "நான் சொன்னேன்ல" என்றார் அத்தை சுனிலிடம். போகிற போக்கில் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுனில் அதற்குப் பிறகு மாடிக்கு வரவில்லை.

ஒரு நாள் படியில் அவனுடைய அம்மா வீணா இளவேனிலைப் பிடித்துக்கொண்டார். சுனில் எப்போதும் வலது கையை டிராயர் பைக்குள்ளேயே வைத்திருக்கிறானாம். பள்ளியில் மிஸ் எழுத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னாலும் காட்டுவதில்லையாம். எல்லாவற்றையும்விட, புதிதாய்ப் பிறந்த தங்கச்சிப் பாப்பா பக்கமே போவதில்லையாம்.

"பாப்பாவைத் தொடுடா கண்ணான்னா, பேடா பேடா, வேணாம்னு ஓடறான். ஏன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

இளவேனிலுக்குத் தெரிந்தது. சுனிலுக்குப் பாப்பாவும் ஒரு பிஞ்சுதான். அன்றைக்கு அத்தை சொன்னபோது அவளும் சும்மாதானே நின்றாள்?

அவள் மாடிக்குப் போய்க் கொடிக்குள் தலையை விட்டுத் தேடினாள். தொட்டிக்குப் பின்னால், பெரிய இலைக்கு அடியில், இன்னொரு பிஞ்சு. அதுவும் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்றால் தரையில் படுக்கவேண்டும். சுனில் எங்கே படுத்துப் பார்த்தான், விரல் காட்டுவதற்கு?

பிறகு பூக்களைக் கவனித்தாள். சில பூக்களுக்கு அடியில் பிஞ்சு இருந்தது. மற்ற பூக்களுக்கு வெறும் நீளக் காம்புதான், ஆனால் நடுவில் மஞ்சள் பொடி. மகரந்தம் பற்றி ஷில்பா மிஸ் வகுப்பில் சொன்னது நினைவு வந்தது. ஒரு பூவின் பொடி இன்னொரு பூவுக்குப் போனால்தான் காய் பிடிக்கும். பூச்சிகள்தான் கொண்டுபோகும். ஆனால் சுரை பூப்பதே சாயங்காலம். அந்த நேரத்தில் இந்த மாடியில் ஒரு பூச்சியையும் அவள் பார்த்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் சுனிலைக் கெஞ்சிக் கூத்தாடி மாடிக்கு அழைத்துவந்தாள். முதலில் தரையில் படுக்கவைத்து, ஒளிந்திருந்த பிஞ்சைக் காட்டினாள்.

"இதை நீ கை காட்டினியா?"

"நான் பாக்கவே இல்லக்கா." சுனில் யோசித்தான். "அப்போ யார் காட்டினாங்க? காக்காவா?"

"யாரும் காட்டலடா. அதுக்குப் பொடி கிடைக்கல, அதான் வாடிப்போச்சு. இப்ப நீதான் பொடி வைக்கப் போற."

அவன் பைக்குள் இருந்த கையை எடுக்கவில்லை. "மறுபடியும் அழுகிட்டா?"

"அழுகிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கலாம். நானும் உன் கையைப் பிடிச்சுக்கறேன்."

கை மெல்ல வெளியே வந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல் நுனியால் காம்புப் பூவைத் தொட்டு, மஞ்சள் பொடியை எடுத்து, பிஞ்சு வைத்த பூவின் நடுவில் தடவினான். மூச்சுகூட விடவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் பல் தேய்க்காமல் மாடிக்கு ஓடிவந்தான். பிஞ்சு மஞ்சளாகவில்லை. அவன் விரலைவிடப் பெரிதானது, பிறகு கையைவிட நீளமானது. காய் ஏணிப்படிகளுக்கு நடுவே கனமாகத் தொங்கியது.

சொர்ணம் அத்தை வாளியோடு நின்று பார்த்தார். நடந்ததை இளவேனில் சொன்னாள். அத்தை வாளியைக் கீழே வைத்தார். பிறகு சுனிலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அத்தைக்குத் தெரியாம சொல்லிட்டேன் ராஜா. உன் விரல் நல்ல விரல்டா."

சுனில் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தடதடவென்று படி இறங்கி ஓடினான். இளவேனிலும் பின்னாலேயே போனாள்.

வீட்டுக்குள் பாப்பா பாயில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. சுனில் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் உள்ளங்கையை ஒற்றை விரலால் தொட்டான். பாப்பா கப்பென்று பிடித்துக்கொண்டது.

சுனில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்படியே தலையை மட்டும் திருப்பி, இரகசியம் போலச் சொன்னான்.

"விடமாட்டேங்குதுக்கா."