துருமுடிச்சு

சர்க்கரை டப்பாவின் மூடியில் பழுப்புப் பொடி படிந்திருந்தது. காலையில்தான் வஷீலா அதைத் துடைத்து வைத்திருந்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். லவங்கப்பட்டைத் தூள் இல்லை. மழையில் ஊறிய மரப்பட்டையின் வாடை. அண்ணி பார்ப்பதற்குள் தலைத்துணியின் ஓரத்தால் அவசரமாகத் துடைத்தாள்.

இறந்துபோன அண்ணன் இக்சானுக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிற நாள் அது. ஆண்களெல்லாம் மக்ரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்கள். கரண்ட் இல்லை. கேப் டவுனுக்கு வெளியே, மணல்மேட்டை ஒட்டிய அந்தத் தகரக்கூரை வீட்டின் சமையலறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து அவளும் அண்ணி ருகாயாவும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் எரிந்தது இக்சான் கடைசியாக வெட்டிப்போட்ட வேலம் விறகு.

"அவரு இருந்தா உப்பு பாக்குறேன்னு இந்நேரம் பாதிச் சோத்தை முழுங்கியிருப்பாரு" என்றாள் ருகாயா. வஷீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மணல்மேட்டு வேலங்காட்டில் ஒவ்வொரு விறகுக்காரக் குடும்பத்துக்கும் ஒரு பகுதி உண்டு. கிளையில் துணி கட்டியிருந்தால் வேறு யாரும் அங்கே கத்தி வைக்கக் கூடாது. வஷீலாவும் அண்ணன் பகுதியில் கத்தி வைக்கவில்லைதான். துருநோய் கண்டு அவளுடைய மரங்கள் முடிச்சு முடிச்சாக வீங்கிப் பழுப்புப் பொடி உதிர்த்தன. விறகு புகைகிறதென்று வாடிக்கைக்காரர்கள் அண்ணனிடம் போனார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. ஈரத்தில்தான் அந்தப் பொடி மரத்தில் பிடிக்கும் என்று விறகு வெட்டுகிறவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு மழை நாளில் சாக்கு நிறைய முடிச்சுகளைக் கொண்டுபோய் அண்ணனின் கிளைகளில் செருகிவிட்டு வந்தாள். அடுத்தடுத்த மழைக்காலங்களில் அந்தக் கிளைகள் பாரம் தாங்காமல் தொங்கின. ஒன்று முறிந்து, அடியில் நின்ற அண்ணனின் கழுத்தில் விழுந்தது.

"அன்னிக்கு மேலுக்கு முடியல, போகலேன்னுதான் சொன்னாரு" என்றாள் ருகாயா. "நான்தான் விரட்டுனேன்."

"விதி அண்ணி. யாரு என்ன செய்ய முடியும்?"

கூரைக்கு மேலே ஏதோ முனகியது. பாரம் ஏறிய கிளை மெதுவாக வளைகிற சத்தம். வீட்டைச் சுற்றி வெறும் மணல்தான். ஒரு மரம்கூடக் கிடையாது. ருகாயா நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"அவரு மரத்துல அத்தனை முடிச்சு எப்படிடீ வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? காத்துல வந்திருக்கும்."

முனகல் இறங்கி வந்தது. இப்போது கூரைக்குள். வஷீலாவின் தலைக்கு நேர் மேலே. அடுக்கிவைத்த தட்டுகளில் பழுப்புப் பொடி. துடைத்தாள். பால் ஏட்டின் மேல் பொடி. கரண்டியால் வழித்து எறிந்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடியும்.

"பையன் என்கூடப் பேசறதே இல்ல வஷீலா. வாப்பாவை நீதானே அனுப்பிவச்சேன்னு ஒரே ஒரு தடவை கேட்டான். அதோட சரி." ருகாயா கண்ணைத் துடைத்தாள். "இன்னிக்கு எல்லாரும் வரட்டும். ஆமா, நான்தான் கொன்னேன்னு அவங்க முன்னாடி சொல்லிடப்போறேன். பாரத்தை இறக்கணும்."

வாசலில் சலாம் கேட்டது. செருப்புகள் கழற்றும் ஓசை. பையனின் குரல். ருகாயா எழுந்தாள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. அசிங்கமானாலும் சரி, அடித்தாலும் சரி. வஷீலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணி, அது நீங்க இல்ல, அது..."

அடுத்த சொல் வரவில்லை. நாக்கின் அடியில் ஏதோ இருந்தது. கெட்டியாக. சொரசொரப்பாக. விழுங்கப் பார்த்தாள். போகவில்லை. இருமினாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழுப்புப் பொடி பறந்தது.

"என்னடி, தொண்டையில ஏதாவது மாட்டிக்கிச்சா? வாயைத் திற."

ருகாயா மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுவந்தாள். குழந்தையைப் பிடிப்பதுபோல் முகவாயைப் பிடித்து உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெல்ல இரண்டு விரல்களை விட்டுத் திருகினாள். வலிக்கவில்லை. பட்டை உரிகிற சத்தம் மட்டும். முடிச்சு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அதன் இடத்தில் அடுத்தது வீங்கத் தொடங்கியிருந்தது.