நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

காலை எட்டே கால் மணிக்கு மாடியேறி வந்த அந்தப் பெண் டாக்டர், உட்காரச் சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "பதினொரு மணிக்கு ஒருத்தர் மூளைக்குள்ள ஊசி விடப் போறேன். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்" என்றார்.

கள்ளக் கையெழுத்துகளைக் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கிய அண்ணி, மேஜையிலிருந்த லென்ஸை ஒதுக்கி வைத்தார். பக்கத்தில் குறிப்பேட்டோடு நின்ற கொழுந்தன், வங்கி வேலையை உதறிவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர்.

"நோயாளி ஸ்கூல் பஸ் ஓட்டுறவர். மூளையில கட்டி, அதுலேர்ந்து துளி சதை எடுத்துப் பார்க்கத்தான் ஊசி. ஊசி போற வழியில ரத்தக்குழாய் இருந்து, அதைக் குத்திட்டா ஆள் பிழைக்கிறது கஷ்டம். ஸ்கேன் படத்துல குழாய்களைப் பிரிச்சுக் காட்ட மூணு மென்பொருள் இருக்கு. எது நல்லதுன்னு பார்க்க, எங்க டெக்னீஷியன் நாப்பது படத்துல கையாலயே குழாய்களை வரைஞ்சாங்க. அதோட ஒப்பிட்டு மார்க் போட்டோம். முதலாவதுக்கு எழுபத்தொம்பது, மூணாவதுக்கு எண்பத்தொண்ணு. எங்க இன்ஜினியர் எழுதின ரெண்டாவதுக்குத் தொண்ணூத்தெட்டு."

"அப்புறம் என்ன குழப்பம்?" என்றான் அவசரம்.

"நான் தேர்ந்தெடுத்த வழியில மத்த ரெண்டும் மெல்லிசா ஒரு குழாயைக் காட்டுது. ரெண்டாவது, அங்க ஒண்ணுமே இல்லங்குது. ரத்தத்துல சாயம் ஏத்தி இன்னொரு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுடும். ஆனா அவருக்குக் கிட்னி பலவீனம், வெறும் சந்தேகத்துக்கு அதைச் செய்ய முடியாது. அந்தத் தொண்ணூத்தெட்டு நிஜமா, கள்ளமான்னு நீங்கதாம்மா பார்த்துச் சொல்லணும்."

அண்ணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியின் படப்பிரிவில் இன்ஜினியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "தொண்ணூத்தெட்டு வாங்கினதுமேல சந்தேகமா? நல்லா இருக்கு நியாயம்!" அந்த மிதப்பைப் பார்த்ததுமே அவசரத்துக்கு வழக்கு முடிந்துவிட்டது. குறிப்பேட்டில் 'இவன்தான்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டான்.

ஐம்பதைத் தாண்டிய டெக்னீஷியன் அம்மாளிடம் அண்ணி தன் முகவரி அட்டையை நீட்டினார். அவர் அதை அப்படியே அவசரத்திடம் கொடுத்தார். "நீங்களே படிங்க தம்பி. கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன்." அவர் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி அந்தக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கையால் வரைந்த படம் ஒன்றையும், அதே ஸ்கேனுக்கு இரண்டாவது மென்பொருள் வரைந்ததையும் கண்ணாடித்தாளில் அச்செடுக்கச் சொன்னார். ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இன்னும் நான்கு ஜோடியும், மற்ற இரண்டு மென்பொருள்கள் வரைந்தவையும் கேட்டார். மணி பத்தைத் தாண்டியது. டாக்டர் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

பத்தே காலுக்கு அண்ணி எல்லோரையும் ஜன்னலருகே கூப்பிட்டார்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டா ரெண்டும் அச்சு அசலா ஒத்துப்போகாது. ஒத்துப்போனா, ஒண்ணு காப்பி. இந்த இடத்துல மென்பொருள் குழாயைப் பாதியில அறுத்து விட்டிருக்கு. கையால வரைஞ்சதுலயும் அதே இடத்துல அறுந்திருக்கு. மூளையில குழாய் இப்படி அந்தரத்துல நிக்குமா டாக்டர்?"

"நிக்காது" என்ற டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ இது கைப்படமே இல்ல. ரெண்டாவதை அதோடவே ஒப்பிட்டு மார்க் போட்டிருக்கோம்."

"நான்தான் சொன்னேனே!" என்று அவசரம் இன்ஜினியர் பக்கம் பாய்ந்தான். உண்மையில் அவன் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அண்ணி. "ஜெயிக்கணும்னு திருடுறவன் தொண்ணூறோட நிறுத்தியிருப்பான். தொண்ணூத்தெட்டு வர்ற அளவுக்குக் காப்பியடிச்சா மாட்டிப்போம்னு இவருக்குத் தெரியாதா? இதைச் செஞ்சவங்களுக்கு ஜெயிக்கிற எண்ணமே இல்ல. மூணுல ரெண்டாவதோட கோடுதான் தடிமன். கண்ணு மங்கினவங்களும் அதுமேலயே வெச்சு வரைஞ்சுடலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கழுத்துல கண்ணாடி இருந்தும் வீட்ல இருக்குன்னு சொன்னீங்களேம்மா. அதைப் போட்டாலும் தெரியலையா?"

டெக்னீஷியன் அம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஆறு மாசமா தெரியல. சொன்னா இந்த வேலையிலிருந்து தூக்கிடுவாங்கன்னு பயம். வெறும் மார்க்குதானேன்னு நெனச்சேன். இதை வெச்சு ஒருத்தர் மூளையில ஊசி விடுவீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது டாக்டர்."

இன்ஜினியர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பாவம், அவன் தூக்கிவைத்து ஆடிய மதிப்பெண் அந்தக் கணத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அவசரத்துக்கே அவன்மேல் இரக்கம் வந்தது.

டாக்டர் அதற்குள் போனில் இருந்தார். "ஆபரேஷனை நிறுத்துங்க. சாயம் ஏத்தி எடுங்க. இப்பவே."

பன்னிரண்டு மணிக்குப் படம் வந்தது. ஊசி போகவேண்டிய வழிக்குக் குறுக்கே, மெல்லிய குழாய் ஒன்று தெளிவாக ஓடியது. டாக்டர் வேறு வழியைக் குறித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தியேட்டருக்குள் போனார்.

வராந்தாவில் டிரைவரின் மனைவி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். "பதினொரு மணின்னீங்க, மணி பன்னெண்டரை ஆச்சு! மனுஷன் உயிரோட விளையாடுறீங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்த அவசரத்தை விலக்கிக்கொண்டு டெக்னீஷியன் அம்மாள் முன்னால் போனார். "என்னாலதாம்மா தாமதம். தப்பு என்னோடது."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழுது சிவந்த கண்களைப் பார்த்ததும் அவள் கோபம் அடங்கிவிட்டது. "போகட்டும் விடுங்கக்கா. லேட்டானா என்ன, அவர் நல்லபடியா வந்தா போதும்" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

டெக்னீஷியன் அம்மாளால் உட்கார முடியவில்லை.