தோளில் இரண்டு தட்டு

சைக்கிளை எடுத்துப் போகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்ததும் செல்வலட்சுமி மறுநாள் காலையிலேயே அங்கே போய் நின்றாள். ஒரு கையெழுத்து, ஒரு ஆதார் நகல், அவ்வளவுதான் வேலை. அதற்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் புருஷன் காளிராஜை இடித்துக் கொன்ற வெள்ளைக் கார் மூன்றாம் நாளே குளித்து முழுகி வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. செத்தவனுடைய சைக்கிள்தான் குற்றவாளி மாதிரி வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிக் கிடந்தது.

சீட்டெல்லாம் காக்கை எச்சம். ஹேண்டில்பாரில் விரல் கனத்துக்குத் தூசி. பின்னால் கேரியரில் மட்டும் தூசியே இல்லை. அன்றுதான் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. செல்வலட்சுமி அதைப் பார்த்தாள், ஆனால் யோசிக்கவில்லை.

ஏட்டு ஒரு தாளை நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பின்னால் வந்த வாகனம் பலமுறை ஹாரன் அடித்தும் விலகாமல் சென்றதால் நேர்ந்த விபத்து என்று இருந்தது.

"அவியளுக்குக் காது கேக்காதுய்யா. எத்தன தடவ சொல்லிட்டேன்."

காது கேட்காதவர் மெயின் ரோட்டில் ஏன் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று ஏட்டு பதமாகத்தான் கேட்டார். பதமாகக் கேட்டதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போ கார் வைத்திருக்கிறவனுக்கு மட்டும்தான் ரோடா? கண் தெரிகிறவன், முன்னால் போகிறவனைப் பார்த்து பிரேக் போட மாட்டானா? ஹாரன் அடித்துவிட்டால் இடித்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? இத்தனையும் மனசுக்குள்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

இருபத்திரண்டு வருஷம் நூல் மிஷின்களுக்கு நடுவே நின்ற காது அது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருந்த மில்லில் இரண்டு பேருக்கும் வேலை. அந்த இரைச்சலுக்குள் யாரும் வாயால் பேசமாட்டார்கள், எல்லாம் கை ஜாடைதான். முதலில் காளிராஜின் வலது காது போனது, பிறகு இடது. வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிடுவார்களே என்று பயந்து புருஷனும் பெண்டாட்டியும் அதை மூடி மறைத்தார்கள். இன்றைக்கு அவள் பேச்சை யாரும் நம்பாததற்கு அந்த மறைப்புதான் காரணம்.

ரோட்டுக்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கேரியரில் அவள் உட்கார்ந்து வருவாள். பின்னால் பைக் வந்தால் அவன் வலது தோளில் ஒரு தட்டு. கார் என்றால் இரண்டு தட்டு. பஸ்ஸோ லாரியோ வந்தால் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள், அவன் சட்டென்று மண்ணில் இறக்கிவிடுவான். பதினோரு வருஷம் ஒரு கீறல் விழுந்ததில்லை. கூட வேலை பார்க்கும் பானுப்பிரியாவின் தங்கைக்கு வளைகாப்பு என்று ஒரே ஒரு நாள் அவள் மில் வேனில் ஏறிப் போனாள். அன்றைக்குத்தான் அவன் தோள் காலியாக இருந்தது.

சைக்கிளைச் சரிபார்த்து, மறுநாள் வேலைக்கு அதிலேயே போனாள். வேன் இருக்கும்போது எதற்கு என்று பானுப்பிரியா தடுத்தாள். செல்வலட்சுமி கேட்கவில்லை. ரோடு தனக்கும் சொந்தம் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பு.

சாயங்காலம் திரும்பும்போது அந்த வீம்பை எல்லோரும் மிதித்துவிட்டுப் போனார்கள். ஓரமாகத்தான் போனாள். ஓரத்தில் ஜல்லி, அதற்கு அப்பால் பள்ளம். அதற்கு மேல் எங்கே ஒதுங்குவது? ஒவ்வொருவனும் காதுக்குள் வந்து ஹாரன் அடித்தான். பைக்கில் போன ஒருவன் திரும்பிப் பார்த்து, சாகத் தன் வண்டிதான் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனான்.

காளிராஜ் விழுந்த புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினாள். மரப்பட்டையில் கார் உரசிய தழும்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அழுகையில்லை, ஆத்திரம். அவன் எதிரே நிற்பதுபோல மரத்தைப் பார்த்து, மில்லில் பேசுகிற மாதிரியே கை ஜாடையில் சொன்னாள். வாயும் கூடவே முணுமுணுத்தது.

"இந்த ரோட்டுல ஹாரன் அடிக்கிற ஒருத்தனையும் விடாதிய."

காற்று இல்லை. ஆனால் எங்கிருந்தோ பஞ்சு வாடை வந்தது. மிஷின் சூட்டில் எண்ணெயும் பஞ்சும் கலந்து எழும் அந்த மில் வாடை.

சைக்கிளில் ஏறினாள். மிதி கனத்தது.

நூறடி போயிருப்பாள்.

வலது தோளில் ஒரு தட்டு.

திரும்பினாள். கேரியர் காலி. தூரத்தில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி அவள் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். அதைத்தான் பிறகு நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

மூன்றாம் நாள், அதே பொழுது, அதே புளியமரம். தோளில் இரண்டு தட்டு விழுந்தது. பின்னாலேயே ஹாரன். விட்டு விட்டு அல்ல, கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. செல்வலட்சுமி ஓரத்துக்குப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக மிதித்தாள்.

ஹாரன் பாதியில் அறுந்தது.

அந்த இடத்தில் வேறொரு சத்தம் நிரம்பியது. நூறு மிஷின் ஒன்றாக ஓடுகிற சத்தம். நாலு பக்கமும் வயல், நடுவில் அந்த இரைச்சல்.

கால் ஊன்றித் திரும்பினாள். வெள்ளைக் கார் நின்றிருந்தது. உள்ளே, அவள் புருஷனை இடித்தவர், தங்கப்பாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடையைச் சாத்திவிட்டு ராஜபாளையத்து வீட்டுக்கு அவர் தினமும் போகிற நேரம் அது. ஹாரனைக் குத்திக் குத்தி அழுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. கதவைத் திறந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கி, ரோட்டின் நடுவில் வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். குரல் சின்னப்பிள்ளையுடையதுபோல் இருந்தது.

அவளுடைய தோளில் உள்ளங்கை அழுந்தியது.

அவருக்குப் பின்னால் லாரி. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது. அதன் ஹாரனும் பாதியில் அறுந்தது. விலகச் சொல்லிக் கத்தினாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு எட்டு ஓடி இழுத்துவிட்டிருக்கலாம். தோளில் இருந்த கை அவளை விடவில்லை.

ஸ்டேஷனில் அதே ஏட்டு, அதே மாதிரித் தாளில் எழுதினார். பின்னால் வந்த வாகனம் பலமுறை ஹாரன் அடித்தும் விலகாமல் நின்றதால். சாட்சிக் கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். லாரி டிரைவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் ஏட்டின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் என்ன பாவம் செய்தான்? ஊர் பேர் தெரியாதவன். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தனையும் விடாதே என்று சொன்னவள் அவள்தானே.

வெளியே வந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு புளியமரத்துக்குப் போனாள். போதும் என்று ஜாடை காட்டினாள். கும்பிட்டாள். மரத்தடியில் யாரும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. பஞ்சு வாடை அவளுடைய பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால் அதுவும் கூடவே திரும்பியது.

காளிராஜ் இப்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறான். சொன்னால் கேட்காது, கையைக் காட்டினால் தெரியாது. பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவருக்குச் சொல்லத்தான் அவர்கள் ஜாடை வைத்திருந்தார்கள். முன்னால் இருப்பவர் பின்னால் சொல்ல ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சைக்கிளை மில் ஸ்டாண்டிலேயே பூட்டினாள். சாவியைக் கிணற்றில் போட்டாள். சாயங்காலம் வேனில் ஏறினாள். பானுப்பிரியா நகர்ந்து இடம் கொடுத்து, இப்பதான் புத்தி வந்ததாக்கும் என்று சிரித்தாள். இருபது பெண்கள், ஒரே பேச்சும் பாட்டும். செல்வலட்சுமி நான்கு மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணை மூடிச் சாய்ந்தாள்.

வேகம் குறைவது தெரிந்து கண்ணைத் திறந்தாள். முன்னால் ஒரு பெரியவர் கேரியரில் புல்லுக்கட்டோடு சைக்கிளில் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் புளியமரம்.

"கெழவன் ரோட்டை வெலைக்கு வாங்கிட்டாம் பாரு" என்றார் வேன் டிரைவர் பால்ச்சாமி. அவருடைய கை ஹாரன் பக்கம் போனது.

"அண்ணாச்சி, அடிக்காதிய!"

பாட்டுச் சத்தத்தில் அவருக்கு அது எட்டவில்லை. அழுத்தினார்.

பாட்டு நின்றது. பேச்சு நின்றது. வேனும் நடுரோட்டில் நின்றது. பானுப்பிரியா எதையோ கேட்க வாய் திறந்து, தன் குரலே தனக்குக் கேட்காமல், மெதுவாகக் காதைத் தொட்டுப் பார்த்தாள். வேன் முழுக்கப் பஞ்சு வாடை. பின் கண்ணாடியில் ஒரு பஸ்ஸின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது.

செல்வலட்சுமியின் வலது தோளில் உள்ளங்கை ஒன்று பதிந்து, அழுத்தியது.